கோயில் வீதியில் நம் பாட்டு

சோளகக் காற்று எழுந்துவிட்டால் யாழ்ப்பாணத்து இரவுகளுக்கு உறக்கம் இல்லை. சித்திரை தொடங்கி ஆவணி கழியும்வரை ஒரு கோயிலிற் கொடி இறங்க மறு கோயிலிற் கொடி ஏறும். ஆனியில் நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு விழா. ஆடி அமாவாசையில் மாவிட்டபுரத்துக் கந்தனுக்குத் தீர்த்தம். நல்லூரிலோ இருபத்தைந்து நாட் பெருவிழா. அது முடியுங் காலத்திற் செல்வச்சந்நிதியிற் கொடியேற்றம். பேர் பெற்ற இக்கோயில்களை ஒருபுறம் வைத்தாலும், குறிச்சிக்கொரு பிள்ளையாரும் ஒழுங்கைக்கொரு வைரவரும் உள்ள நாடு இது. அச்சிறு கோயில்களின் மணல் வீதியிலேதான், சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்த பின், மேடை ஒளி பெறுகிறது. இசைக்குழு வந்து அமர்கிறது. பாய் விரித்துச் சனம் இருக்கிறது.

மேலை நாடுகளிற் கோடை பிறந்ததும் ஊர்தோறும் இசைவிழா எடுப்பர். பெயர் பெறாத இளைஞர் தாமே எழுதித் தாமே மெட்டமைத்த பாட்டுகளை ஊரார் முன்னிலையிற் பாடிப் பார்ப்பதற்கு அவ்விழாக்களே வாயிலாக அமைகின்றன. படக் கம்பனியையோ இசைத்தட்டு நிறுவனத்தையோ சாராத அத்தகைய குழுக்களை இக்காலத்தார் சுயாதீன இசைக்குழுக்கள் என்பர். நமக்கு அப்படியொரு விழா இல்லையே என்று ஏங்கும் இளைஞர் சிலரை நான் அறிவேன். விழா இல்லை என்பதை நான் ஒப்பேன். ஆண்டுதோறும் ஐந்து மாதம் நடக்கும் விழா நம்மிடம் உண்டு. மேடை நம்முடையது, செலவிடும் பணம் நம் உபயகாரருடையது, கேட்போர் நம் சுற்றத்தார், பாடுவோர் நம் பிள்ளைகள். பாட்டு ஒன்றுதான் நம்முடையதன்று.

அந்த இரவுகளின் நிரலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதலிற் பிள்ளையார்மீது ஒரு பாட்டு. அடுத்து இரண்டொரு பக்திப் பாடல்கள். அதன்பின் சாமம் கடக்கும்வரை சென்னையிற் பிறந்த திரைப்பாட்டுகளே. கீபோட் வாசிப்பவன் மூலத்தை இம்மியும் பிசகாமல் வாசிக்கிறான். பாடகன் மூலத்துப் பாடகரின் இருமலைக்கூட விடாமற் பாடுகிறான். எவ்வளவு ஒத்திருந்தது என்பதே எங்கள் பாராட்டு. அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார். நடிகரின் பெயரைச் சொல்வார். உபயகாரரின் பெயரை மும்முறை சொல்வார். மேடையில் நிற்கும் பையனின் பெயரை ஒருமுறை சொன்னால் அது அவனுடைய பாக்கியம்.

நம் மேடை எக்காலமும் இரவலை நம்பி இருந்ததா? இல்லை. நாதஸ்வரமும் தவிலும் நமக்குத் தமிழகத்தோடு பொதுவானவை. ஆயினும் 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகத்து இரசிகர்கள் ‘யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி’ என்றே அழைத்தனர். பொதுவான கருவியில் அவர் கை தனக்கெனப் பேசியமையால் வந்த பெயர் அது. இசைநாடகமும் அக்கரையிலிருந்து வந்ததே. அதனை நடிகமணி வி. வி. வைரமுத்து தமதாக்கிக்கொண்டார், அவருடைய மயான காண்டத்தைக் காணக் கோயில் வீதிகளில் விடியும்வரை மக்கள் காத்துக் கிடந்தனர். பாசையூரிலும் குருநகரிலும் அண்ணாவிமார் பழக்கிய கூத்துகளோ அவ்வூர்களின் சொந்தச் சொத்து. ஆகவே வாங்குவது குற்றமன்று. வாங்கியதோடு நம்முடையது எதையும் சேர்க்காமல் இருப்பதே குற்றம்.

பின்னர்க் கிற்றாரும் வந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் நம் பேச்சுத் தமிழிலேயே துள்ளிசைப் பாட்டுக் கட்டினார். ‘சின்ன மாமியே’ என்ற அவருடைய பாட்டுக்கு எந்தப் படமும் ஆதரவாக நிற்கவில்லை. எந்த நடிகரும் வாயசைக்கவில்லை. இருந்தும் அது கடல் கடந்தது. 2018இற் காலமான ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடிப் பரப்பினார். தமிழும் சிங்களமும் கலந்த அப்பாட்டைத் திரையுலகமே நாடி வந்து, 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்தில் எடுத்தாண்டது. நாம் சினிமாவிடம் வாங்குவோர் மட்டுமல்லர். சினிமா நம்மிடம் வாங்கிய நாளும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே காலத்தில் இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைக்கு இடமளித்தது. எஸ். கே. பரராஜசிங்கம், எம். ஏ. குலசீலநாதன் முதலியோர் நம் கவிஞர்களின் சொற்களைப் பாடினர். மஹாகவி உருத்திரமூர்த்தி ‘புதியதொரு வீடு’ நாடகத்துக்காக எழுதிய கடற்பாட்டு, மெல்லிசையாகவும் பாடப்பெற்று, நாடகத்தைக் காணாதவர் நாவிலும் ஏறிற்று. நல்ல கவிஞனும் நல்ல பாடகனும் சந்திக்க ஒருவர் இடம் கொடுத்தார், பாட்டுப் பிறந்தது. அவ்வளவே.

போர் ஓய்ந்தபின் 2011 மார்ச்சிலும் 2013 மார்ச்சிலும் யாழ்ப்பாண இசை விழா நடைபெற்றது. சேவாலங்கா மன்றமும் நோர்வே நாட்டு இசை நிறுவனமொன்றும் சேர்ந்து, காலியில் ஓர் ஆண்டும் இங்கு ஓர் ஆண்டுமாக அதனை நடத்தின. நம் கூத்தரும், தென்னிலங்கைக் கிராமியக் கலைஞரும், பிற நாட்டுக் குழுவினரும் ஒரே வெளியிற் பாடி ஆடியதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது ஊர் வழக்காக வேரூன்றவில்லை. அயலார் கைகொடுத்து எழுந்த விழா, அக்கை விலகியபின் நிற்பது அரிது. கோயில் விழா அப்படியன்று. ஊர் உள்ளவரை அது நடக்கும். நம் இளைஞரின் பாட்டுக்கு நிலையான இடம் தேடுவோர் அவ்வீதியிலேதான் தேட வேண்டும் என்பது எனது துணிபு.

நிற்க. இக்குறையை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. இதில் எனக்கும் பங்குண்டு. அதைச் சொல்லவே இதை எழுத முற்பட்டேன்.

2023ஆம் ஆண்டு ஆனி மாதம். வலிகாமத்தில் எங்கள் குறிச்சிக் கோயிலிற் பூங்காவனத் திருவிழா. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதால், மேடை நிரலைப் பார்வையிடும் பொறுப்பைச் சபையார் என்னிடம் தந்திருந்தனர். நான்கு இளைஞர் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று பாட வந்தது. அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் தந்த தாளிற் பதினெட்டுப் பாட்டுகள். ஏழாவது பாட்டுக்கு நேரே படத்தின் பெயர் இல்லை. ‘சொந்தப் பாடல்’ என்று எழுதியிருந்தது.

எழுதியவனை அழைத்துப் படிக்கச் சொன்னேன். வீட்டார் வெளிநாடு சென்றுவிட்ட ஒரு வளவின் கிணறு பேசுவதாகப் பாட்டு. கப்பியிற் கயிறு இற்றுக் கிடக்கிறது; பாசி மூடிய நீருக்குள் ஒரு வாளி தாழ்ந்து கிடக்கிறது; அள்ள ஆளில்லாத நீருக்குத் தன் சுவையே மறந்துவிட்டது என்று கிணறு சொல்கிறது. வற்றாத ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் ஒளிந்த நீரை அள்ளியே வாழ்ந்த மக்களுக்கு இதைவிட நெருங்கிய பொருள் எது? நல்ல பாட்டு என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்: “தம்பி, பாட்டு நல்லது. ஆனாற் பூங்காவனத்திலன்று சனம் இதைக் கேளாது. உபயகாரர் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். செலவழித்தவர் முகஞ் சுளிக்கப்படாது.” பேனாவை எடுத்து அந்த வரியின்மேற் கோடு கிழித்தேன். “சரி சேர்” என்றான் அவன். வேறொன்றும் சொல்லவில்லை.

பதினேழு பாட்டும் பாடினார்கள். கைதட்டும் கிடைத்தது. இரவு இரண்டு மணியளவில் ஒலிபெருக்கி நின்று, வயர் சுருட்டும் வேளையில், மடத்தைப் பூட்ட நான் சென்றேன். மடத்துத் திண்ணையில் நால்வரும் இருந்தனர். ஒருவன் கிற்றாரை மெல்ல மீட்ட, மற்றவன் அந்தக் கிணற்றுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். கடகத்தை மூடிக்கொண்டிருந்த கச்சான்காரப் பெண்மணி கையை நிறுத்திவிட்டு நின்றார். அவருக்கு அப்பால், வேட்டியும் சால்வையுமாக உபயகாரர் நின்றார். பாட்டு முடிந்ததும் அவர், “இன்னொருக்காப் படியுங்கோ தம்பி” என்றார். மறுமுறை முடிந்தபின், “இதை ஏன் மேடையிற் படிக்கேல்லை?” என்று கேட்டார்.

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றேன். யாருடைய முகம் சுளிக்கும் என்று அஞ்சிப் பாட்டை வெட்டினேனோ, அவரே அதைக் கேட்டு நின்றார். முப்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த தம் வீட்டுக் கிணற்றை அன்று காலைதான் இறைப்பித்ததாக அவர் சொன்னார்.

அடுத்த ஆண்டு அக்குழு இல்லை. கிற்றார் வாசித்தவன் வெளிநாடு போனான். மற்றவர்கள் வேலைகளிற் சிதறினர். அப்பாட்டை எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. அதன் பொருள் எனக்கு நினைவிருக்கிறது, மெட்டு நினைவில்லை. எத்தனை கோயில்களில் எத்தனை ஆசிரியர்கள் இவ்வாறு எத்தனை கோடுகள் கிழித்திருப்பார்கள்!

இனி, மறுப்புக் கூறுவோருக்குச் சில சொற்கள். திரைப்பாட்டை நான் பகைப்பவனல்லன். 1990இற் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன பின், சைக்கிளை நிமிர்த்தி வைத்து மிதித்து, டைனமோவில் உயிர் பெற்ற வானொலியில் அப்பாட்டுகளைக் கேட்டே அந்த ஆண்டுகளைக் கடந்தவன் நான். 2024 பெப்ரவரி 9ஆம் நாள் யாழ்ப்பாணம் முற்றவெளியிற் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குப் பெருங்கூட்டம் திரண்டு, தடுப்புகளை மீறி உட்புக, நிகழ்ச்சியே இடையிற் தடைப்பட்டதை நாம் அறிவோம். அன்று நடந்த ஒழுங்கீனத்தைக் கண்டித்தோர் பலர். நான் அதில் வேறொன்றையும் கண்டேன். இசைக்கு இத்துணைப் பசியுள்ள மக்களுக்குச் சொந்தப் பாட்டு ஒன்றைக் கேட்கப் பொறுமையில்லை என்று நாமாகவே முடிவு செய்வது எவ்வாறு?

சனம் கேளாது என்பார்க்கு மற்றொரு சான்று: தம் ஊரையும் தம் கோயிலையும் பேர் சொல்லிப் பாடும் பக்திப் பாடல்களை ஊர்தோறும் எழுதுவித்து ஒலிநாடாவிலும் இறுவட்டிலும் நாம் வெளியிட்டிருக்கிறோம். 2017இல் மறைந்த எஸ். ஜி. சாந்தன் பாடிய அத்தகைய பாடல்கள் இன்றும் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கின்றன. அவை எந்தப் படத்திலும் வந்தவையல்ல. தம் ஊர்ப் பெயரைப் பாட்டிற் கேட்டாற் சனம் எழுந்து போவதில்லை. இன்னும் கிட்ட வந்து இருக்கிறது.

அக்கரையிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2018 ஜனவரியிற் சென்னையில், கானாப் பாடகரும் கிற்றார் இசைஞரும் ஒன்று சேர்ந்த ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முறையாக மேடை ஏறியது. சாதிக் கொடுமையையும் சேரி வாழ்வையும் பொருளாகக் கொண்ட சொந்தப் பாட்டுகளையே பாடியது. திரைப்பாட்டின் தலைநகரமே அதைக் கேட்கக் கூடியது. இயக்குநர் பா. இரஞ்சித் அக்குழுவுக்குத் துணை நின்றார் என்பது உண்மையே. அதனால் நான் வலியுறுத்துவதும் அதுவே: பாட்டு இருந்தாற் போதாது, இடம் கொடுக்க ஒருவர் வேண்டும். ஊரில் அந்த ஒருவர் யார்? சபையாரும், உபயகாரரும், நிரலைப் பார்வையிடும் என்போன்ற ஆசிரியருமே.

ஆதலால் மூன்று சிறு வேண்டுகோள்கள். ஒன்று: இசைக்குழுவோடு பேச்சு முடிக்கும்போதே, இரவுக்கு ஒரு சொந்தப் பாட்டேனும் பாட வேண்டும் என்று சபையார் சொல்லட்டும், அதையும் சனம் உறங்கும் நேரத்திலன்றி, நிரலின் நடுவிலே வைக்கட்டும். இரண்டு: எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களை அறிவிப்பாளர் தெளிவாகச் சொல்லட்டும். மூன்று: தமிழ்த் தினப் போட்டிகளுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியர்கள், பாட்டெழுதுவோரையும் மெட்டமைப்போரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கட்டும். பாட்டுச் சரியில்லை எனில் திருத்திக் கொடுக்கட்டும், வெட்ட வேண்டாம். முதற் பாட்டுகள் பல சுமாராகவே இருக்கும். சுமாரான பத்தைக் கேட்கப் பொறுமையில்லாத ஊருக்கு நல்ல பதினோராவது பாட்டு வருவதில்லை.

இவ்வாண்டும் நிரலைப் பார்க்கும் பொறுப்பை என்னிடமே தந்திருக்கிறார்கள். நேற்று ஒரு குழு தன் தாளைக் கொண்டுவந்தது. இருபது பாட்டுகள், இருபதுக்கும் படப்பெயர் இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்து, “உங்களுடைய பாட்டு எங்கே?” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் அவர்களில் இளையவன், “ஒண்டு இருக்கு சேர், நீங்கள் விட மாட்டியள் எண்டு எழுதேல்லை” என்றான். பேனாவை அவனிடமே நீட்டினேன்.