சேஃப்டி வால்வு ஒழுகினால் திருகை இறுக்கலாமா?

கேள்வி: ‘‘எங்கள் ஊரில் பன்னிரண்டு விவசாயிகள் சேர்ந்து நெல் அவிக்கும் சிறிய ஆலை நடத்துகிறோம். உமியில் எரியும் பாய்லர். பத்து நாள்களாக சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது. உமிச் செலவும் கூடிவிட்டது. ‘மேலே உள்ள திருகை இரண்டு சுற்று இறுக்கினால் நின்றுவிடும்’ என்கிறார் பாய்லர் ஓட்டுபவர். சம்பா அறுவடை நேரம் என்பதால், ஆலையை நிறுத்தவும் மனமில்லை. பாய்லருக்கு அடுத்த களத்தில்தான் பெண்கள் நெல் காயவைக்கிறார்கள். என்ன செய்யலாம்?’’
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெல்டா மாவட்டம்.

பதில்: திருகை இறுக்கவே கூடாது. கசிவு நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால், அதோடு பாய்லரின் காவலும் போய்விடும்.

சேஃப்டி வால்வின் வேலை எளிமையானது. ஆவி கீழிருந்து தட்டை மேலே தள்ளுகிறது. ஸ்பிரிங் மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. வால்வின் வாய் 25 மில்லிமீட்டர் விட்டம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் அந்தத் தட்டை ஆவி சுமார் 34 கிலோ பலத்தோடு தள்ளும். ஆவியின் பலம் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டியதும் வால்வு திறந்து, மிச்சத்தை வெளியேற்றும். திருகை இறுக்கினால் ஸ்பிரிங்தான் பலமாகும். பாய்லரின் தகடு பலமாகாது. அதே 7 கிலோ அழுத்தத்தில், தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 70 டன் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டு அண்டாவில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 கிலோ அழுத்தத்தில் உள்ள பாய்லர் தண்ணீரின் சூடு 170 டிகிரி. தகடு பிளந்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். பாய்லர் வெடித்தால் சுவரும் கூரையும் பறப்பது இதனால்தான். களத்தில் நிற்பவர்களுக்கு ஓடக்கூட நேரம் இருக்காது.

கசிவு ஏன் வருகிறது?

முதல் காரணம், பாய்லரை வால்வு திறக்கும் அழுத்தத்துக்கு மிக அருகில் ஓட்டுவது. 7 கிலோவில் திறக்கும் வால்வு இருந்தால், 6.3 கிலோவுக்குக் கீழே ஓட்டுவதுதான் நல்லது. எப்போதும் 6.9 கிலோவில் ஓட்டினால், வால்வு ‘உஸ்’ என்று சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்த மெல்லிய ஆவியே நாளடைவில் தட்டையும் இருக்கையையும் கம்பி இழுத்ததுபோல் அரித்துக் கோடு போட்டுவிடும்.

இரண்டாவது, அழுக்கு. போர் தண்ணீரில் உள்ள உப்பு, பாய்லருக்குள் காரையாகப் படியும். அதன் துணுக்கு இருக்கையில் சிக்கினால், வால்வு முழுதாக மூடாது.

மூன்றாவது, ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்வது. நான்காவது, வெளியேற்றும் குழாயின் பாரம் முழுவதும் வால்வின் மேல் தொங்குவது. குழாய்க்குத் தனியாகத் தாங்கி வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்?

அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். நெல் அவிக்க ஆவிதான் வேண்டும். உயர்ந்த அழுத்தம் தேவையில்லை. அழுத்தம் குறைந்ததும் கசிவு நின்றால், முதல் காரணமாக இருக்கலாம். பிரஷர் கேஜ் உண்மையைவிடக் குறைத்துக் காட்டினாலும் இப்படி நடக்கும். எனவே, கேஜையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

அழுக்கு என்று சந்தேகம் வந்தால், வால்வில் உள்ள நெம்புகோலைச் சில நொடி தூக்கி விடலாம். அழுத்தம், வால்வு திறக்கும் அளவில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். குறைந்த அழுத்தத்தில் தூக்கினால், அழுக்கு வெளியேறாமல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடும். ஆவி வெளியேறும் குழாயின் வாய்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

அதன் பிறகும் கசிந்தால், நெருப்பை அணைத்து, கேஜ் பூஜ்ஜியத்துக்கு வந்து, பாய்லர் ஆறிய பிறகே வால்வைக் கழற்ற வேண்டும். பழுது பார்ப்பதை அந்த வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள். தட்டையும் இருக்கையையும் சமதளத் தகட்டில் மெல்லிய பசை வைத்து, தனித்தனியாகத் தேய்த்து மட்டமாக்குவார்கள். ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்தால், ஒன்றின் பள்ளம் மற்றதற்கும் வந்துவிடும். ஸ்பிரிங் மாற்றினால், அந்த வால்வின் அழுத்தத்துக்கு உரியதையே போட வேண்டும். கையில் கிடைத்த ஸ்பிரிங் உதவாது. கடைசியாக, சோதனை மேடையில் வைத்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்த்து, திருகுக்கு ஈயச் சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

தயாராக இன்னொரு வால்வை வாங்கி வைத்தால், பழுது பார்க்கும் நாள்களில் ஆலை நிற்காது. அறுவடை முடிந்ததும் பங்குதாரர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

இவற்றை மறக்கக் கூடாது...

* பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் இடையில் அடைக்கும் வால்வு எதுவும் இருக்கக் கூடாது.

* வெளியேற்றும் குழாய், வால்வின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் தேங்காமல் வடிய வழி இருக்க வேண்டும்.

* பழைய பாய்லர்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் நெம்புகோலில் எடைக்குண்டு தொங்கும். அதில் கூடுதலாகக் கல்லைக் கட்டுவதும், திருகை இறுக்குவதும் ஒன்றுதான்.

* தண்ணீர் குறைந்தால் சேஃப்டி வால்வு காப்பாற்றாது. அதற்குத் தண்ணீர்மட்டக் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால், உடனே நெருப்பை நிறுத்துங்கள். சிவக்கக் காய்ந்த தகட்டின் மேல் தண்ணீரை ஏற்றுவது ஆபத்து.

25 லிட்டர் கொள்ளளவும், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தமும் உள்ள ஆவி பாய்லர்களிலிருந்தே சட்டம் பொருந்தும். 1923-ம் ஆண்டு கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பழைய சட்டத்தைப் போலவே இதிலும் சேஃப்டி வால்வு வேலை செய்யாதபடி மாற்றுவது, சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ‘ஓட்டுபவர்தான் செய்தார்’ என்று உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சந்தேகம் இருந்தால், மாவட்டத்துக்குரிய கொதிகலன் ஆய்வாளரிடம் கேட்கலாம்.

திருகைத் தொட வேண்டாம் என்பதைப் பங்குதாரர்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். ‘நேரத்துக்கு அவித்து முடி’ என்று அவரை யாரும் அவசரப்படுத்தவும் வேண்டாம். வால்வு சரியாகும் வரை, காயும் நெல்லைக் களத்தின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள்.