கூதிர்காலத்து அடுக்களையும் குடும்பக் கல்வியும்

தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அந்த மழை வயலுக்கும் ஏரிக்கும் செய்யும் உபகாரத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். வெளியே திரிந்துகொண்டிருந்த மனிதர்களை வீட்டுக்குள் வரவழைத்து, பெரியவர்களையும் சிறியவர்களையும் ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையில் உட்கார வைக்கிறதே, அந்த உபகாரத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். வடமொழியாளர் ஏறக்குறைய இதே காலத்தைச் சரத் ருது என்றனர். புரட்டாசியின் பிற்பகுதியில் நவராத்திரியோடு தொடங்கி, தீபாவளியைக் கடந்து, கார்த்திகை விளக்கீடு வரையில் நீளும் இந்தப் பருவத்தில் நம் வீடுகளில் காலங்காலமாக நடந்துவந்த சமையலும் கைவேலையும் வெறும் பண்டிகைச் சடங்குகள் அல்ல. அவை ஒரு குடும்பம் தன் குழந்தைகளுக்கு அளிக்கும் கல்வியின் இன்றியமையாத பகுதி என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தக் கல்வி நிலைக்க வேண்டுமானால் அதன் சுமையை வீட்டிலுள்ள அத்தனை பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்ல விரும்புகிறேன்.

நவராத்திரிக் கொலுவை எடுத்துக்கொள்வோம். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் படி கட்டி, பழந்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்குவது பெரியவர்களின் பொறுப்பாக இருந்தாலும், படிகளுக்குக் கீழே தரையில் அமைக்கும் ஊரும் குளமும் தோட்டமும் பெரும்பாலும் குழந்தைகளின் ராஜ்யமே. அந்தத் தோட்டத்துக்குப் பச்சை வேண்டும் என்பதற்காகச் சில நாள் முன்னதாகவே அகலமான தட்டில் மண்ணைப் பரப்பி, கேழ்வரகையோ வெந்தயத்தையோ கடுகையோ தூவி, கையால் நீர் தெளித்துவிட்டு, மறுநாள் காலையில் எழுந்தவுடன் முளைத்துவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்க்கிற குழந்தை, விதை, ஈரம், வெளிச்சம், காத்திருத்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே கற்றுக்கொள்கிறது. மாலையில் சுண்டலுக்காகக் கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும், பாசிப்பயற்றுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை, மொச்சையை வேகவைக்கும்போது அதிகப் பொறுமை வேண்டும் என்னும் பேதங்களை ஒன்பது நாளும் கண்ணெதிரே பார்க்கிற பிள்ளைக்குத் தானியங்களின் இயல்பைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தீபாவளியோடு வருவது பதம் பார்க்கும் வித்தை. அதிரசத்தைப்போல் சிரத்தையைக் கேட்கும் பட்சணம் நம் சமையலில் அதிகமில்லை. பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் நீர் ஒட்டக்கூடாது என்னும் நிலையில் அள்ளி இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சும்போது, ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதம் தவறிப் பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும்; இளகியிருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். பாகை இறக்கி, மாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கிளறி, ஏலமும் சுக்கும் பொடித்துப் போட்டு, மூடி ஓரிரு நாள் வைத்திருந்து, பிறகே இலையில் நெய் தடவித் தட்டி இளந்தீயில் வேகவைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு புத்தகத்திலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பாகின் பதத்தை விரல் நுனிதான் கற்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே அறிந்த ஒருவரின் விரலுக்குப் பக்கத்தில் இருந்துதான் கற்க வேண்டும். பாட்டியின் கிண்ணத்தில் தன் விரலை விட்டுப் பார்த்த பேத்திக்கும் பேரனுக்கும் கிடைக்கும் ஞானம் வேறெந்த மார்க்கத்திலும் கிடைப்பதில்லை.

எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் மிகுதியாக உண்ணும் நாளில், விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன், பட்சணத்தில் கைவைப்பதற்கு முன்னரே ஓர் உருண்டை லேகியத்தை வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கத்திலும் ஒரு விவேகம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் திரிகடுகம் என்று போற்றப்படும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றோடு ஓமமும் சித்தரத்தையும் அதிமதுரமும் சேர்த்து இடித்து, வெல்லத்தில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் பிரிந்து வரும்வரை காய்ச்சி இறக்கும் அந்த மருந்து, அளவு மீறி உண்ணப்போகும் நாளில்கூட உடம்பின்மேல் அக்கறை வைக்கக் குடும்பத்துக்குப் போதிக்கிறது. விருந்தையும் மருந்தையும் ஒரே அடுப்பில் தயாரித்த நாகரிகத்தின் குழந்தைகள் நாம்.

இவை எல்லாவற்றினும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கார்த்திகை. அகநானூற்றிலேயே நக்கீரர் பாட்டில் குறிப்பிடப்படும் அளவுக்குப் பழமையான இந்த விளக்கு விழாவில், சமையலும் கைவேலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பின்னுவது பெரும்பாலும் பனைமரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் அன்று ஓலைக்கொழுக்கட்டை அவிப்பார்கள். அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்த்துருவலும் வறுத்த பாசிப்பருப்பும் சுக்கும் ஏலமும் கலந்து பிசைந்த மாவை, பனங்குருத்தோலையை நறுக்கி அதன் மடிப்புக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைக்கும்போது, ஓலையின் மணம் மாவில் ஏறி, வேறெந்தப் பாத்திரத்தில் அவித்தாலும் வாராத ஒரு ருசியைக் கொடுக்கிறது. ஓலையை நறுக்குவதும், மாவை வைத்து நாரால் கட்டுவதும் சின்னக் கைகளுக்கு ஏற்ற வேலைகள். கட்டு நெகிழ்ந்தால் கொழுக்கட்டை பிதுங்கிவிடும் என்பதால், அழகாகச் செய்ய வேண்டும் என்பதைவிடச் சரியாகச் செய்ய வேண்டும் என்னும் கவனம் அவர்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

அதே பனையின் பூவிலிருந்துதான், தீப்பொறி சிதறச் சுழற்றி விளையாடும் மாவளியும் பிறக்கிறது. ஆண்பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வந்து, குழியில் இட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை அடைத்தால்தான் கரி கிடைக்கும். அந்தக் கரியை நுண்ணிதாக அரைத்து, பழைய பருத்தித் துணியில் நீளச் சுருட்டாக இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவில் வைத்துப் பிணைத்து, கயிறு கோத்து, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால், சுழற்சியில் வரும் காற்றால் கரி கனன்று பொன்பொடியாய் வட்டமிட்டுச் சிதறும். எரிதலுக்குக் காற்று எவ்வளவு அவசியம் என்பதைக் குழியை மூடும்போது ஒருமுறையும் கயிற்றைச் சுழற்றும்போது மறுமுறையும் கண்ணால் காண்கிற சிறுவனுக்குப் பௌதிகப் பாடத்தின் ஓர் அத்தியாயம் அப்போதே மனத்தில் பதிந்துவிடுகிறது. திறந்த வெளியில், பருத்தி உடையோடு, பெரியவர் ஒருவர் அருகில் நிற்கச் சுற்ற வேண்டிய இந்த விளையாட்டுக்குக் கடையில் வாங்க வேண்டிய மருந்துப்பொடி எதுவும் இல்லை.

கைத்தொழிலின் வழியாகவே அறிவை வளர்க்க வேண்டும் என்னும் ஆதாரக் கல்விக் கொள்கையை மகாத்மா காந்தி 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தா மகாநாட்டில் தேசத்தின் முன் வைத்தார். அந்தத் திட்டம் நம் பள்ளிகளில் வேரூன்றாமல் போயிற்று. ஆயினும் அதன் சாரம் மழைக்கால வீடுகளில் பெயரில்லாமலே நடைமுறையில் இருந்துவந்தது. பள்ளி கைவிட்டதை வீடும் கைவிட்டால், ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படி உருவாயிற்று, அதற்கு எத்தனை நேரம் பிடித்தது என்று எதுவுமே தெரியாமல், விலை ஒன்றை மட்டும் அறிந்து வளரும் ஒரு தலைமுறையை நாம் உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. பண்டிகைப் பட்சணம் என்றால் வீட்டுப் பெண்களின் முதுகொடிந்த உழைப்பு என்பதே பல வீடுகளின் உண்மை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷங்களைச் செலவிட்டார்கள். ஆண்களில் அத்தகைய வேலையில் ஈடுபட்டவர்களே ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான், அவர்களும் செலவிட்டது 97 நிமிஷங்களே. பண்டிகை இல்லாத நாளின் கணக்கே இப்படியிருக்க, விடிய விடிய அடுப்பின்முன் நின்று மற்றவர்கள் உண்பதற்காக முறுக்குச் சுற்றும் ஒரு தாய்க்கு, மரபைக் காப்பாற்று என்று உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது. அவள் கடையில் வாங்கிவிட்டால் அது சோம்பலும் அல்ல, மரபுத் துரோகமும் அல்ல. தன்னந்தனியாகச் சுமந்த பாரத்தை இறக்கிவைத்ததற்கு அவளை யாரும் குறைகூற இயலாது. நம் வீடுகளில் பருவத்து வேலைகள் மறைந்துவருவதற்கு அங்காடியின் பெருக்கத்தைவிட, அவ்வேலைகளை ஒருத்தியின் தலையில் மட்டும் கட்டிவிட்ட நம் அநியாயமே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே பரிகாரம் பட்சணங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இல்லை, குறைப்பதில்தான் இருக்கிறது. ஏழு வகை இனிப்பை ஒருத்தி செய்வதைவிட, ஒரே ஒரு வகையைக் குடும்பத்தார் அனைவரும் கூடிச் செய்வது ஆயிரம் மடங்கு மேல். நவராத்திரிக்கு ஒரு தோட்டத் தட்டு, தீபாவளிக்கு ஓர் அதிரசம் அல்லது லேகியம், கார்த்திகைக்கு ஒரு கொழுக்கட்டை என்று வைத்துக்கொண்டால் போதும். மாவு இடிப்பதும், தேங்காய் துருவுவதும், எண்ணெய்ச்சட்டியின் முன் நிற்பதும், பின்னர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் தகப்பனுக்கும் மகனுக்கும் உரிய வேலைகளே என்பதை வீட்டில் வழக்கமாக்க வேண்டும். பிசைந்த மாவு தரையில் சிந்தும், முதல் முறுக்கு கோணும், குழந்தை வைத்த கோலப்பொடி எல்லை தாண்டும். கற்றலுக்கு அது கூலி. மாணவர்களுக்குக் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டியே வருகிறது. அந்தச் சில நாள்களை எழுத்து வேலையால் நிரப்பாமல் விட்டுவைத்தால் பள்ளிகளும் இந்தக் கல்விக்குத் துணைசெய்தவை ஆகும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பதும் என் கருத்தன்று. அகல்விளக்கைக் குயவரிடமும், கொலுப்பொம்மையை மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி போன்ற ஊர்களின் கைவினைஞரிடமும், கருப்பட்டியைப் பனைத் தொழிலாளரிடமும் வாங்குவது தர்மம். அவர்களுடைய ஜீவனம் இந்தச் சில வாரங்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஒரு பொருளைத் தன் கையால் செய்து பார்த்தவனே பிறர் கைவேலையின் அருமையை அறிந்து பேரம் பேசாமல் விலை கொடுப்பான். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் மரத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் அதன் ஓலையையும் பூவையும் கருப்பட்டியையும் விரும்பிக் கேட்கும் வீடுகள் இருந்தால்தான் அந்த மரத்தை வைத்துப் பிழைப்பவர்கள் நிலைப்பார்கள்.

இந்த வாதம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும் கிறிஸ்தவ இல்லங்களில் வைக்கோலும் காகிதமும் கொண்டு குடில் கட்டி, நட்சத்திர விளக்கு ஒட்டி, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்கிறார்கள். அங்கும் குழந்தைகளின் கைக்குக் கிடைக்கும் சிக்ஷை இதுவே. தெய்வ நம்பிக்கை இல்லாத வீட்டிலும் மழை பெய்கிறது, பசிக்கிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள்.

வரும் கூதிரில் ஒவ்வொரு வீட்டாரும், செய்வது எதுவாயினும் ஒன்றே ஒன்றையாவது எல்லாரும் சேர்ந்து செய்வது என்று தீர்மானம் செய்துகொள்ளட்டும். அந்தத் தீர்மானத்தை வீட்டின் ஆண்மக்கள் முதலில் எடுக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நிலமும் பொன்னும் வைத்துவிட்டுப் போவது நம்மில் எல்லாருக்கும் சாத்தியமல்ல. மண்ணையும் மாவையும் நெருப்பையும் அஞ்சாமல் கையாளத் தெரிந்த கைகளையும், பிறர் உழைப்பில் பங்கு கொள்ளக் கூசாத மனத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது எந்த ஏழைக் குடும்பத்துக்கும் சாத்தியமே.