கோடிக்கணக்கில் விற்ற கேமை வாங்கியே ஆகணுமா?

பிளேஸ்டேஷன் 5-க்கு வரும் பெரிய கேம் ஒன்றின் விலை இந்தியாவில் 5,000 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. கான்சாபுரத்திலோ ராஜபாளையத்திலோ ஒரு பையன் வீட்டில் அதைக் கேட்டால், "எல்லாரும் வாங்கிட்டாங்கப்பா" என்பதுதான் முதல் வாதமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் அதிகம் விற்பதாலேயே அதுதான் நல்ல பால்கோவா என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கேமுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

நின்டெண்டோவின் 'வீ ஸ்போர்ட்ஸ்' 8 கோடிக்கு மேல் போனது. நல்ல கேம்தான். ஆனால் ஜப்பான், தென்கொரியா தவிர மற்ற நாடுகளில் 'வீ' கருவி வாங்கினாலே பெட்டிக்குள் அதுவும் சேர்ந்து வந்தது. அந்த எண்ணிக்கையில் கருவியின் பங்கு எவ்வளவு, கேமின் பங்கு எவ்வளவு?

'சைபர்பங்க் 2077' கதை இன்னும் மோசம். 2020 டிசம்பரில் வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். பத்தே நாளில் 1.3 கோடிப் பிரதிகள். அதே பத்து நாளுக்குள், பழைய பிளேஸ்டேஷன் 4-ல் ஒழுங்காக ஓடவில்லை என்ற புகார் குவிந்து, சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. வாங்கியவர்கள் விளையாடிப் பார்த்து வாங்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கினார்கள். (பின்னாளில் சரிசெய்யப்பட்டு இன்று நன்றாகவே ஓடுகிறது. பொறுத்தவர்களுக்குக் குறைந்த விலையில் நல்ல கேம் கிடைத்தது.)

இதற்கு நேர்மாறு 'ஒகாமி'. 2006-ல் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஜனம் வாங்கவில்லை. அதை உருவாக்கிய குளோவர் ஸ்டுடியோ அடுத்த வருடமே மூடப்பட்டது. ஆனாலும் புதிய கருவிகளில் அந்த கேம் திரும்பத் திரும்ப வந்தது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகமும் அறிவிக்கப்பட்டது.

தமிழ் வீட்டுக்கு நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். சேதமான அம்மாவின் சமையல் குறிப்பேடு. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இதுக்கா காசு?" என்று சிலர் கேட்பது நியாயம்தான். ஆனால் 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது இதுதான். மகன் தமிழை மறந்துகொண்டே போவதை அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களை எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லாது.

கூட்டத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், ஒரு இடத்தில் உண்டு. நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேமில் ஆள் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. தெருப் பையன்கள் பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அங்கே வாங்கியது எதுவும் நம் கையில் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை. உடைக்கும் துப்பாக்கிக்கும் போட்ட காசு என்ன ஆகும் என்று பலர் தவித்தார்கள். வெளிநாட்டிலும் இதே கதை: யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் சர்வரை நிறுத்தியதும் 'தி க்ரூ' கேமைக் காசு கொடுத்து டிஸ்க்காக வாங்கியவர்களாலும் விளையாட முடியவில்லை.

ஆகவே 5,000 ரூபாயை எடுத்து வைக்கும் முன் அந்தப் பையனிடம் கேட்க வேண்டியது, இது நெட் இல்லாமல் ஓடுமா, வெளியாகி ஒரு மாதம் கழித்தும் ஆடியவர்கள் நல்லது சொல்கிறார்களா, தள்ளுபடி வரும்வரை பொறுக்க முடியுமா என்பதைத்தான். எத்தனை கோடி விற்றது என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.