உழைத்து நின்ற பாட்டி!

தேக்கம்பட்டி பாப்பம்மாள் 2024-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 109.

நீண்ட ஆயுள்தான். ஆனால், அவரை நாடு நினைப்பது வயதுக்காக அல்ல. அந்த வயது முழுவதும் சொந்தக் காலில் நின்றாரே, அதற்காக!

பாப்பம்மாள் 1914-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அவரையும் அவருடைய சகோதரிகளையும் வளர்த்தது யார்? ஒரு பாட்டிதான்!

அந்தப் பாட்டி, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் உள்ள தேக்கம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தார். பாட்டிக்குப் பிறகு கடை பேத்தியின் கைக்கு வந்தது. கடையோடு சாப்பாட்டுக் கடையும் நடத்தினார், பாப்பம்மாள். காசு சேர்ந்தது. அந்தக் காசை அவர் என்ன செய்தார்?

நிலம் வாங்கினார்! கொஞ்சம் கொஞ்சமாகச் சுமார் 10 ஏக்கர் வாங்கினார். தாமே பயிர் செய்தார்.

பிற்காலத்தில் இரண்டரை ஏக்கர் மிஞ்சியது. அதில் இயற்கை உரம் போட்டு விவசாயம் செய்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், படித்தவர்களுடன் விவசாயம் பற்றிப் பேசினார். ஊராட்சித் தேர்தலில் நின்று வெற்றியும் பெற்றார். 100 வயதைத் தாண்டிய பிறகும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பாட்டிகள்

இது கோவைப் பாட்டியின் கதை. கரிசல் காட்டில் இப்படிப் பாட்டிகள் இல்லையா? ஏராளமாக இருக்கிறார்கள்!

பசுவந்தனைப் பக்கம் போய்ப் பாருங்கள். கோவில்பட்டி வட்டாரம் முழுவதும் பாருங்கள். மானாவாரி நிலம். மழையை நம்பி விதைக்க வேண்டும். களை எடுப்பது பெண்கள். பருத்தி எடுப்பது பெண்கள். உளுந்து, பாசி அடித்துப் புடைப்பதும் பெண்கள். மழை பொய்த்த வருஷத்தில் தீப்பெட்டி வேலைக்குப் போய் அடுப்பை எரிய வைத்ததும் பெண்கள்தான்!

பாட்டி என்கிறோம், ஆச்சி என்கிறோம், அவ்வா என்கிறோம். பெயர்தான் வேறு. உழைப்பு ஒன்றுதான்.

ஆனால், நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

2015-16 விவசாயக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் 100 விவசாயப் பண்ணைகளில் பெண்கள் நடத்துபவை 14 மட்டுமே! காட்டில் பாதிக்கு மேல் வேலை செய்பவர், காகிதத்தில் இல்லை.

இதனால் என்ன கஷ்டம்? பட்டா இல்லாமல் பயிர்க் கடன் வாங்குவது கடினம். புருஷன் போன பிறகு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். தன் காட்டிலேயே கூலி ஆள் போல் ஆகிவிடுகிறார், பாட்டி.

சட்டம் இருக்கிறது

இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருந்து என்ன? வீட்டில் மனசு வேண்டுமே!

பாட்டி செத்த பிறகு மாலை போடுகிறோம். படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். நல்லதுதான். ஆனால், உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை நிலம் வாங்கினால், வீட்டுப் பெண்ணின் பெயரையும் பத்திரத்தில் எழுதுங்கள். பாட்டியின் சுருக்குப் பையில் உள்ள காசு பாட்டியுடையது. அதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பாப்பம்மாளை உயர்த்தியது ஒரு சின்னக் கடையும், அதில் சேர்ந்த காசும், அதில் வாங்கிய மண்ணும்தான். அந்த வாய்ப்பை நம் வீட்டுப் பெண்களுக்கும் கொடுப்போம்!