‘அந்தக் குட்டிப் பையன் என்னம்மா தப்பு பண்ணான்?’ - பைபிள் கார்ட்டூன் பார்க்கும் வீடுகளுக்கு ஒரு கேள்வி

ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்தால், பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடுத்தது படம்தான். ‘பைபிள் கதைதானே, கார்ட்டூன்தானே’ என்று போட்டுவிட்டு நாம் போனைக் கையில் எடுத்துவிடுகிறோம். சண்டை, முத்தக்காட்சி எதுவும் இல்லை என்றால் கவலையும் இல்லை. ஆனால், பைபிள் படம்தான் பிள்ளைகளிடம் பெரிய கேள்விகளை எழுப்பும். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

இந்த வாரம் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1998-ல் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’. நாணல் கூடையில் நதியில் விடப்பட்ட குழந்தை மோசே, அரண்மனையில் வளர்ந்து, தன் மக்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்கும் கதை.

படத்தில் ஒன்று... பைபிளில் ஒன்று!

கதையில் சில சுதந்திரங்களை எடுத்துக்கொண்டதாகப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால், ‘எதெல்லாம் மாறியிருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்’ என்று பிள்ளைகளிடமே வேலையைக் கொடுக்கலாம். சண்டே ஸ்கூல் போகிற பிள்ளைகள் இதில் கில்லாடிகள். குழந்தையை எடுத்து வளர்ப்பது படத்தில் ராணி, யாத்திராகமத்தில் பார்வோனின் மகள். படத்தில் பார்வோனின் பெயர் ராம்சேஸ், பைபிளில் அவனுக்குப் பெயரே இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் சாதாரணமானதல்ல. ஒரு முதியவரைச் சாட்டையால் அடிக்கும் காவலனைத் தடுக்க மோசே பாய்கிறான். காவலன் மேலேயிருந்து விழுந்து சாகிறான். படத்தில் அது கிட்டத்தட்ட ஒரு விபத்து. யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தில் மோசே அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்தபின் அந்த எகிப்தியனைக் கொன்று மணலில் புதைக்கிறான்.

‘படம் எடுத்தவங்க ஏன் இதை மாத்தியிருப்பாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ஹீரோ நல்லவனாகவே இருக்க வேண்டும் என்று சினிமா நினைக்கிறது. பைபிளோ, தப்பு செய்தவனின் தப்பை மறைக்காமல் எழுதி, அவனையே கடவுள் கூப்பிட்டார் என்கிறது. வீட்டில் எதையோ உடைத்துவிட்டு மறைக்கும் பிள்ளைக்கு, இரண்டாவது கதைதான் அதிகம் தேவை.

அந்த ராத்திரி

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். பத்தாவது வாதையில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறக்கிறார்கள். ராம்சேஸின் சின்ன மகனும் இறந்துபோகிறான். பார்க்கிற பிள்ளை நம் பக்கம் திரும்பி, ‘அவன் என்ன தப்பு பண்ணான்?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

‘கடவுள் செய்தா சரியாத்தான் இருக்கும், சும்மா பாரு’ என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால், பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: இந்த வீட்டில் கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. பதினைந்து வயதில் இன்னும் பெரிய கேள்வி வரும்போது, அது நம்மிடம் வராது.

படமே இங்கே உதவுகிறது. மோசே வெற்றி முழக்கம் போடவில்லை. ராம்சேஸைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து உடைந்து அழுகிறான். அங்கே படத்தை நிறுத்தி, ‘ஜெயிச்சவன் ஏன் அழறான்?’ என்று கேளுங்கள். எபிரெயக் குழந்தைகளை நதியில் வீசச் சொன்ன பழைய கட்டளையையும் நினைவுபடுத்துங்கள். அதிலிருந்து தப்பிய குழந்தைதான் மோசே. ஒரு ராஜாவின் பிடிவாதத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பது இந்தக் கதையில் இரண்டாவது முறை.

இவ்வளவு சொன்ன பிறகும் பிள்ளையின் கேள்வி முழுதாகத் தீராது. ‘எனக்கும் இது கஷ்டமாத்தான் இருக்கு கண்ணா’ என்று சொல்வதில் விசுவாசம் குறைந்துவிடாது. சோதோமை அழிப்பதற்கு முன், நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்தா அழிப்பீர் என்று ஆபிரகாமே கடவுளிடம் கேட்டாரே! இன்னொன்று, பஸ்காவைச் சொல்லும் யாத்திராகமம் 12-ம் அதிகாரத்திலேயே, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. இன்றும் யூதர்களின் பஸ்கா விருந்தில் கேள்வி கேட்பது வீட்டின் கடைக்குட்டிதான். வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சைரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. எதிரி பட்ட துன்பத்தில் நம் சந்தோஷம் நிறைவாக இருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

உட்காரும் முன்...

* படத்தை நீங்கள் முதலில் ஒருமுறை பாருங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ராத்திரிக் காட்சி பயம் தரலாம், தள்ளிவிடுவதில் தப்பில்லை.

* ஒரு படத்துக்கு இரண்டு கேள்வி போதும். பத்து கேட்டால் அது பரீட்சை.

* ‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?’ வேண்டாம். ‘உனக்கு யாரைப் பார்த்தா பாவமா இருந்துச்சு?’ என்று கேளுங்கள்.

* பைபிளில் இல்லாத படங்களுக்கும் இது பொருந்தும். ‘ஃபைண்டிங் நீமோ’வில் அப்பாவை வெறுக்கிறேன் என்று சொன்ன மகனைத் தேடி அப்பா கடலையே கடக்கிறார். லூக்கா 15-ல் மேய்ப்பன் தேடிப் போகிறான், கெட்ட குமாரனின் அப்பா காத்திருக்கிறார். நீமோவின் அப்பா இவர்களில் யார் மாதிரி? பதிலைப் பிள்ளை சொல்லட்டும்.

படம் முடிந்ததும் பைபிளை எடுத்து யாத்திராகமம் 12-ஐ ஆளுக்குக் கொஞ்சமாக வாசியுங்கள். முதல் கேள்வியை வீட்டிலேயே சின்னவர் கேட்கட்டும்.