கப்பலில் இறங்கிய விமானியும் வானத்துக்கு அஞ்சிய ஊரும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு இரங்கற் குறிப்புகளைச் செப்பனிடுவது பழகிப்போன வேலை. படைத்தளபதி ஒருவர் மறைந்தால் அவர் வகித்த பதவிகளும் பெற்ற பதக்கங்களும் தவறாமல் வந்துசேரும். எது விடுபட்டது என்று தேடுவதற்கு அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேரம் இருப்பதில்லை. இப்போது சாவகச்சேரியில் ஓய்வாக இருக்கும் எனக்கு அந்த நேரம் இருக்கிறது. 2015இல் மறைந்த இந்தியக் கடற்படையின் முன்னாள் தளபதி அட்மிரல் ஆர். எச். தஹிலியானியின் வாழ்க்கை, அப்படி என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஒன்று.

இந்தியாவின் முதலாவது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த், 1961 மார்ச் 4ஆம் திகதி பெல்ஃபாஸ்ட் நகரில் சேவையில் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு மே 18ஆம் திகதி அதன் மேற்தளத்தில் முதன்முதலாக ஜெட் விமானம் ஒன்றை இறக்கியவர் தஹிலியானி. அது ஓர் ஆசனம் மட்டுமே கொண்ட சீ ஹோக் விமானம். கப்பல் ஓடிக்கொண்டும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய உருக்குக் கம்பிகளில் ஒன்றைப் பற்றவேண்டும். தளத்தைத் தொட்ட கணத்திலேயே விமானி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவார். கொக்கி தவறினால் உடனே மேலெழுந்தாக வேண்டும், இல்லையேல் முன்னால் இருப்பது கடல்தான். தவறு நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு ஆயத்தமாக இருப்பதே அந்தத் தொழிலின் முதற்பாடம்.

அந்நாளில் இலங்கைக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் என்பதையும் இங்கே நினைவூட்டவேண்டும். 1960 முதல் 1970 வரை அவர் அப்பதவியில் இருந்தார். சீருடை அணிந்தவர்களை எங்கள் ஊர்கள் பெருமையோடு பார்த்த காலமும் ஒன்று இருந்தது.

தஹிலியானி பின்னாளில் அதே விக்ராந்துக்குக் கப்டனானார். 1984 டிசம்பரில் கடற்படையின் தளபதியானார். விமானி ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. 1987 நவம்பர் இறுதியில் ஓய்வுபெற்றார்.

அந்த 1987ஐ எங்களால் மறக்க முடியுமா? ஜூன் 3ஆம் திகதி உணவோடு வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. சனங்கள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஜூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒக்டோபரில் போர் மூண்டது. ஒக்டோபர் 27ஆம் திகதி சாவகச்சேரிச் சந்தைப் பகுதியை ஹெலிகொப்டர்கள் தாக்கின. மரக்கறி வாங்கவும் விற்கவும் வந்த பொதுமக்கள் இறந்தார்கள். வானத்தை நம்பிக் கையசைத்ததற்கும் வானத்துக்கு அஞ்சி ஓடியதற்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை.

அந்தத் தாக்குதலுக்கும் கடற்படைத் தளபதிக்கும் முடிச்சுப்போடுவது என் நோக்கமன்று. அப்படிச் செய்வது நேர்மையும் ஆகாது. ஓய்வின் பின் தஹிலியானி நடந்துகொண்ட விதம் மதிப்புக்குரியது. 1990 முதல் 1994 வரை சிக்கிமின் ஆளுநராக இருந்தார். பின்னர் ஊழலுக்கு எதிரான ட்ரான்ஸ்பேரன்ஸி இன்டர்நஷனல் அமைப்பின் இந்தியக் கிளைக்குத் தலைமை தாங்கினார். அதிகாரத்தில் இருப்போர் கணக்குக் காட்டவேண்டும் என்பதே அந்த அமைப்பின் அடிப்படைக் கோரிக்கை.

பணத்துக்குக் கணக்குக் கேட்பது போல உயிருக்கும் கணக்குக் கேட்கவேண்டாமா? 1987இல் பொறுப்பில் இருந்த தலைமுறை ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறது. டெல்லியில் ஆணையிட்டவர்களும் இங்கே களத்தில் நின்றவர்களும், வெற்றி தோல்வியை மட்டுமன்றிச் சந்தையிலும் வீதியிலும் நடந்ததையும் எழுதிவைக்கவேண்டும்.

இந்தக் கோரிக்கையை இந்தியாவிடம் மட்டும் வைத்தால் அது பாதி நேர்மைதான். 2000ஆம் ஆண்டுச் சமரில் இதே சாவகச்சேரி இடிபாடாகிக் கிடந்தது. அதில் பங்குகொண்ட இரு தரப்பாரும் தங்கள் பக்கத்துத் தவறுகளைச் சொல்லவேண்டும். அவ்வப்போது மௌனம் காத்த எங்களைப் போன்ற பத்திரிகையாளர்களும் சொல்லவேண்டும்.

விமானி ஒருவரின் திறமையை மெச்சுவதால் எங்கள் இழப்புக் குறைந்துவிடாது. எங்கள் இழப்பைச் சொல்வதால் அவருடைய பெருமையும் குறையாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடும் துணிவு இருபக்கத்தாருக்கும் வரவேண்டும். கொக்கி தவறியதை அந்தக் கணத்திலேயே ஒப்புக்கொள்பவரே மீண்டும் மேலெழுந்து பத்திரமாக இறங்கிவருகிறார். நாடுகளுக்கும் இயக்கங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பதே என் கருத்து.