கூச்சல் போடுகிறோமாம்!

"இவர்களுக்குச் சங்கீதம் ஏது? வெறும் கூச்சல்!" நமது கலைக்குழுவின் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, முறைப்படி சங்கீதம் பயின்ற ஒரு பெரிய மனிதர் இப்படித் திருவாய் மலர்ந்திருக்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்தது முதல் நமது பறைக்காரத் தோழர் மூன்று வாரமாகப் பறையைத் தொடவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

தோழர்களே! கல்லூரிச் சங்கீதம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவேண்டும் என்றே கேட்கிறோம். ஆனால் அங்கே சொல்லித் தராத பாடங்களும் உண்டு.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து மில் வாசலுக்கு வருகிறவன் காதில் எட்டு மணி நேர யந்திர இரைச்சல் அடங்காமல் நிற்கிறது. அவனிடம் மெல்லிய ஆலாபனையோடு தொடங்கினால் கேட்குமா? முதலில் பறை, பிறகுதான் பாட்டு. பனி இறங்கினால் பறைத்தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சவேண்டும். காய்ச்சல் குறைந்தால் சத்தம் எழும்பாது. மிஞ்சினால் தோல் கெட்டுவிடும். தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் காது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? இதுவும் சுருதி சேர்ப்பதுதான், ஐயா!

மெட்ரிகுலேஷன் படித்த நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு நடவுப் பாட்டை நீள நீளமான அடிகளில் எழுதிப் பெருமையோடு வயலுக்குக் கொண்டுபோனேன். ஒரு பாட்டி நிமிராமலே கேட்டாள்: "குனிஞ்சு நடுறவளுக்கு இம்புட்டு மூச்சு ஏது தம்பி?" வரப்பில் உட்கார்ந்து ஒவ்வோர் அடியையும் இரண்டாக வெட்டினேன். (அலங்காரச் சொற்கள் பாதி போயின. போகட்டும்!) பொழுது சாய்வதற்குள் அந்த வயலே பாடியது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930ல் பிறந்து 1959ல், 29 வயதிலேயே மறைந்த கவிஞர். பாரதிதாசனிடம் பயின்றார், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அவர் வயலில் உழைத்தவர், மாடு மேய்த்தவர், உப்பளத்தில் வேலை செய்தவர். எந்தச் சொல் உழைப்பவன் வாயில் ஒட்டும், எது ஒட்டாது என்பதை அங்கேதான் கற்றிருக்கவேண்டும். சினிமா அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வோரும் இருக்கிறார்கள், சிரிப்புத்தான் வருகிறது.

பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை இரவு அதே மில் வாசலில் பாடுகிறோம். வாருங்கள், மைக் கிடையாது. முதல் பாட்டை நீங்களே பாடுங்கள், நாங்கள் பின்பாட்டுப் பாடுகிறோம். பறைக்காரத் தோழரே, வைக்கோல் நான் கொண்டுவருகிறேன். பறையை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிடுங்கள்.